அப்பப்பா ஒருவர் போதும்

அந்த யன்னல் பக்கத்தை எனக்கு விடுங்கோ தம்பி. வயதுபோன உடம்பு, கொஞ்சம் வெயில் படவேணும். முன்னுக்கும் எனக்கு இடம் இருக்கு. முன்வரிசை முழுக்க எங்கடை குடும்பத்துக்கென்றுதான் விட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே என்ரை சம்பந்தியார் இருக்கிறார். அந்த மஞ்சள் சால்வைக்காரர். தெரியுதோ? திரும்பிப் பார்க்காதேங்கோ, பார்த்தால் கையைக் காட்டுவார்.

நீங்கள் சிட்னிக்கு வந்து கனகாலம் இல்லைப் போல. பஸ் எங்கே போகுது என்று தெரிந்துதானே ஏறினீங்கள்? ஆரோ ஓசியிலே கூட்டிக்கொண்டு போகினம், சாப்பாட்டுப் பார்சலும் தருகினம் என்று ஏறியிருப்பீங்கள். பரவாயில்லை, பாதிப்பேர் அப்படித்தான். இண்டைக்கு இலங்கைக்கு றக்பி லீக் ஆட்டம். வென்றால் உலகக் கிண்ணத்துக்குப் போகலாம். பன்னிரண்டாம் நம்பர் போட்டுக்கொண்டு ஒரு பெடியன் வருவான், கழுத்தில்லாமல், தோளிலிருந்து நேரே தலை. துவாரகன். என்ரை மகளின்ரை மகன்.

விளையாட்டு என்ன பெரிய விளையாட்டு. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். எல்லாரும் முன்னாலே ஓடவேணும், ஆனால் பந்தைப் பின்னாலே நிற்கிறவனுக்குத்தான் எறியலாம். ஆறுதரம் விழுத்தினால் பந்து மற்றவனுக்கு. நல்லூர்த் திருவிழா முடிந்து செருப்புத் தேடுகிற சனத்தைப் பார்த்திருக்கிறீங்களோ? அதுக்கு ஒரு விசில் வைத்தால் சரி.

உலகக் கிண்ணத்துக்குள்ளே போகிற வழிதான் சிக்கல். போனமுறை கடைசிவரைக்கும் நின்று பிடித்த பெரிய வீட்டுக்கார அணிகள் எல்லாம் நேரே உள்ளே. அவைக்குப் படலை திறந்தே கிடக்கு. எங்களைப்போல ஆட்கள் வேலிக்கு வெளியே. கண்டம் கண்டமாகப் பிரித்து அடிபட விடுவார்கள். ஒவ்வொரு கண்டத்திலேயும் முதல் ரெண்டு இடத்துக்கு வாற அணிகள் மோதி, வெல்லுறவன் உள்ளே. தோற்றவனுக்கும் வேலியிலே ஒரு பொட்டு, நாய் நுழையிற ஓட்டை, வெட்டி வைத்திருக்கிறார்கள்: வேறை கண்டத்திலே தோற்றவனோடை மோதி, அதுக்குள்ளாலே பூரலாம். ஆனால் பொட்டுக்குள்ளாலே பூருறது ஒரு மரியாதையோ? அதுதான் இண்டைக்கே வெல்லவேணும் என்கிறார்கள்.

ஆனால் தம்பி, உண்மையான தகுதிப்போட்டி மைதானத்திலே நடக்கவில்லை. மகள் வீட்டு விறாந்தையிலே நடந்தது. எனக்கும் அந்த மஞ்சள் சால்வைக்கும்.

ஒரு நாட்டுக்கு ஆர் விளையாடலாம்? அங்கே பிறந்தவன் விளையாடலாம். அல்லது தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்கவேணும். அதுவும் இல்லையென்றால் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா நாலுபேரிலே ஒருவர். அதுதான் சட்டம். துவாரகன் பிறந்தது இங்கே, சிட்னியிலே. தாய், என்ரை மகள் வதனி, சாம்பியாவிலே பிறந்தவள். நான் அங்கே காணி அளக்கிற உத்தியோகம். ஒருதரம் ஒரு சிங்கம் என்ரை அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடினது, காட்டை அது எத்தினை சங்கிலி தூரம் என்று அளந்துபோட்டுத்தான் திருப்பித் தந்தது. அது வேறை கதை. துவாரகன்ரை தகப்பன் நைஜீரியாவிலே பிறந்தவன். என்ரை மனுசி, போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் பிறந்தது மலாயாவிலே, ஈப்போ. சம்பந்தியம்மா திருச்சி. மிச்சம் ரெண்டு கிழவர்.

நான் பிறந்தது செரம்பான். அப்பர் மலாயா றெயில்வேயிலே கிளாக்கர். உலகச் சண்டை முடிந்த கையோடு, நாலு வயதுப் பிள்ளையாக என்னைச் சுழிபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுக்குப் பிறகு நான் முழுச் சுழிபுரத்தான். எந்த ஒழுங்கையிலே எந்த நாய் கடிக்கும், எந்த வளவு மாங்காய் புளிக்கும், எல்லாம் தெரியும். சம்பந்தியார் அம்பலவாணர் பிறந்தது எங்களுக்கு அடுத்த வளவு. நடக்கப் பழகமுன்னம் தாயும் தகப்பனும் ஒருவர் பின்னாலே ஒருவராகப் போக, தாய்மாமன் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படிப்பு அங்கே, கலியாணம் அங்கே, பிறகு நைஜீரியாவிலே உத்தியோகம். அந்தாளுக்குச் சுழிபுரத்திலே கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசினபோதுதான், அட இவர் அடுத்த வளவுச் சரவணமுத்தற்றை மகனெல்லோ என்று எனக்கே விளங்கினது.

இப்போது நீதியைப் பாருங்கோ. ஊரைத் தெரிந்தவன் நான். ஊரைத் தெரியாதவர் அவர். சட்டம் ஆரைக் கேட்குது?

அணி முகாமையாளர் டெனிஸ் என்று ஒரு வெள்ளைக்காரன். நல்ல மனுசன், கை குடுத்தால் எலும்பு நொறுங்கும். மகள் வீட்டுக்கு வந்து இருந்தான். நான் வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, சுழிபுரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பறாளாய்க் கோயில் மணியைப் பற்றிச் சொன்னேன். அதை அடித்தால் தொண்டைமானாற்றிலே முதலை திடுக்கிட்டு எழும்பும். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு நான் எங்கே பிறந்தனான் என்றான். சொன்னேன். உடனே கதிரையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிட்டான் தம்பி. மூலையிலே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அம்பலவாணர் பக்கம். அந்தாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாலே பார்த்து, "சுழிபுரம்," என்றார். ஒரு சொல்லு. அவ்வளவுதான் சொன்னது.

அவரோடை என்ரை பேரையும் ஒரு பக்கமாகச் சேர்த்து எழுதலாமோ என்று துவாரகனைக் கேட்கச் சொன்னேன். அவன் கேட்டான். டெனிஸ் சிரித்தான். துவாரகன் என்னட்டைத் திரும்பி, "தேவையில்லையாம் அம்மப்பா. அப்பப்பா ஒருவர் போதுமாம்," என்றான்.

போதுமாம். பிள்ளை சின்னனிலே இரவிரவாக அழ, தோளிலே போட்டுக்கொண்டு நடந்தவன் நான். விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மழைக்குள்ளே நின்றவன் நான். அந்தாள் தீபாவளிக்கு வந்து, தலையைத் தடவி, ஒரு பேனை குடுத்துவிட்டுப் போகிற ஆள். போதுமாம்.

அப்போது நான் துவாரகனிடம், மலேசியாவுக்கு விளையாடு, அது என்ரை பக்கத்தாலே வரும் என்று சொன்னேன். மலேசியா இந்தமுறை போட்டியிலே சேரவே இல்லை என்றான். சேரச் சொல்லு என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

எனக்குப் பொறாமை என்று நினைக்கிறீங்கள். ஊரிலேயும் அப்படித்தான் கதைக்கினம். பொறாமை வேறை, கணக்குப் பிழைத்தால் சொல்லுறது வேறை. முதல் ஆட்டத்துக்கு முதல்நாள் உடுப்புக் குடுக்கிற சடங்கு வைத்தார்கள். எந்தக் கிழவராலே பிள்ளைக்கு நாடு கிடைத்ததோ, அந்தக் கிழவர் மேடையிலே ஏறி உடுப்பைக் குடுக்கவேணும். அம்பலவாணர் ஏறினார். கண்ணாடியைத் துடைத்தார், குடுத்தார், சனம் எழும்பி நின்று தட்டினது. நான் எங்கே நின்றேன் தெரியுமோ? ரெண்டாம் வரிசையிலே, மகளின்ரை கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

அதுக்குப் பிறகு ஒரு பிறந்தநாள் வீடு. நல்ல சாப்பாடு, நல்ல கூட்டம். ஆரோ என்னட்டை, உங்கடை சம்பந்தியாரெல்லோ இப்போது பெரியாள் என்று சொல்ல, நான் சும்மா ஒரு கதையை எடுத்துவிட்டேன். சும்மா. அம்பலவாணர் சுழிபுரத்திலே பிறக்கவேயில்லை, தாய் அவரை வயிற்றிலே வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போகேக்கை தனுஷ்கோடி றெயிலிலே பிறந்தவர் என்று. டிக்கற் பார்க்கிறவர்தான் பிள்ளைப்பேறு பார்த்தவர், டிக்கற்றிலே ஓட்டை போடுகிற குறட்டாலேதான் தொப்புள்கொடி வெட்டினவர், அதாலேதான் அந்தாளின்ரை தொப்புள் நட்சத்திரம்போல இருக்கு என்று. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மனுசி புரையேறித் தண்ணீர் குடித்தாள். கதை என்றால் அப்படி இருக்கவேணும்.

அந்த மேசையிலே ஒரு பெடியன் சிரிக்காமல் இருந்தான். கசங்காத சேட்டு. எங்கடை பெடியன்தான், ஆனால் உத்தியோகம் எங்களோடை மோதுகிற வேறையொரு சின்னத் தீவின்ரை அணியிலே, காலுக்கு எண்ணெய் போட்டு உருவுகிற வைத்தியம். எனக்கென்ன தெரியும்? தெரிந்திருந்தால் தொப்புளை விட்டிருப்பேன்.

அடுத்த கிழமையே தீவுக்காரர் முறைப்பாடு வைத்துவிட்டார்கள். துவாரகனுக்கு விளையாடத் தகுதியில்லை, அப்பப்பா இலங்கையிலே பிறந்தவரில்லை, வளர்ந்தது படித்தது எல்லாம் இந்தியா என்று. அது நிரூபணமானால் அவன் மட்டுமில்லை தம்பி, அவன் விளையாடி வென்ற ஆட்டங்களும் போகும். அணியே வெளியே. பொட்டும் இல்லை, படலையும் இல்லை.

மகள் வீட்டுக்குப் போனேன். துவாரகன் நிலத்திலே இருந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. வதனிதான் குசினி வாசலிலே நின்று கேட்டாள்.

"அப்பா, அந்த றெயில் கதை ஆர் சொன்னது?"

"நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்."

"அப்ப பகிடி எண்டு போய்ச் சொல்லுங்கோ. அவங்களுக்குச் சிரிப்பு வருதோ பாப்பம்."

சிக்கல் என்னவென்றால், அம்பலவாணரிடம் பிறப்பைக் காட்ட ஒன்றுமில்லை. பதிவுக் கந்தோர் பிறகு வந்த எங்கடை நாட்டுச் சண்டைக்குள்ளே எரிந்துபோனது. பாஸ்போட்டிலே யாழ்ப்பாணம் என்று கிடக்கு, ஆனால் அது அவர் சொல்லி அவர்கள் எழுதினது என்று தீவுக்காரர் சொல்லிவிட்டார்கள். அவர் பிறந்ததைக் கண்ட ஆள் ஆரும் உயிரோடை இருந்தால் வந்து சொல்லலாமாம். சுழிபுரத்திலே அந்த வளவைத் தெரிந்த கிழடுகட்டை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் நான்.

பாருங்கோ தம்பி விதியை. அந்தாளை மேடையிலே ஏற்றுறதா இறக்குறதா என்பது என்ரை வாயிலே. நான் பேசாமல் இருந்தால் உடுப்புக் குடுத்த கிழவர் வெறும் கிழவர். ஆனால் பெடியனுக்கு உடுப்பு இல்லை. ரெண்டு பகல் அந்த யோசனையோடே திரிந்தேன். கடைசியிலே, சொல்லுறன் என்று வதனிக்குச் சொல்லிவிட்டேன். அவள் உடனே, "உள்ளதை மட்டும் சொல்லுங்கோ அப்பா," என்றாள். பெற்ற மகள்.

விசாரணை கொம்பியூட்டரிலே. மூன்றுபேர். நடுவிலே தலைவி, நரைத்த தலை, முன்னம் விளையாடினவள்போல, மூக்கு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு பெட்டிக்குள்ளே டெனிஸ். இன்னொரு பெட்டிக்குள்ளே அம்பலவாணர், தன்ரை வீட்டிலே இருந்து, கமராவுக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு. எனக்கு அந்தாளின்ரை மூக்குத் துவாரம்தான் தெரிந்தது.

தலைவி கேட்டாள், இவர் றெயிலிலே பிறந்தவர் என்று சொன்னது நீங்கள்தானே? ஓம் என்றேன். இப்போது வீட்டிலே பிறந்தவர் என்கிறீங்கள்? ஓம் என்றேன். அப்போது எதை நம்புறது என்றாள். நியாயமான கேள்வி. என்னட்டைச் சோடிச்ச கதைகள் நூறு கிடக்கு தம்பி, எல்லாம் வாசலிலே வந்து நின்றது. இதை எடு, அதை எடு என்று. நான் ஒன்றையும் எடுக்கவில்லை. கண்டதைச் சொன்னேன்.

எங்கடை பக்கத்திலே ஆம்பிளைப் பிள்ளை பிறந்தால் உலக்கையை எடுத்து வீட்டுக் கூரைக்கு மேலாலே எறிவார்கள். தகப்பன் எறிவார், இல்லையென்றால் மாமன். நெல்லுக் குத்துகிற உலக்கை, என்ரை உயரத்துக்கு மேலே. அது இந்தப் பக்கத்தாலே ஏறி மற்றப் பக்கத்தாலே விழவேணும், அவ்வளவுதான் வழக்கம். அண்டைக்குக் காலமை எங்கடை வளவிலே அம்மா கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெரிய பானை. நண்டு போட்டு, பலாக்கொட்டை போட்டு, பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்து விடுகிற நேரம். நான் கூழ் குடிக்கிற பனையோலைப் பிளாவைக் கையிலே வைத்துக்கொண்டு பக்கத்திலே குந்தியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மருத்துவிச்சி கத்திக் கேட்டது. பிறகு சரவணமுத்தற்றை குரல். பிறகு நான் மேலே பார்த்தேன். உலக்கை கூரைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. மனுசன் சந்தோசத்திலே எறிந்த எறி, கூரையோடே நிற்கவில்லை. வேலியையும் தாண்டி நேரே எங்கடை பானைக்குள்ளே. பானை ரெண்டாப் பிளந்தது. கூழ் முழுக்க மண்ணிலே.

தலைவி பேனையைக் கீழே வைத்தாள். அப்போது உங்களுக்கு எத்தினை வயது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு எப்படி மறக்காமல் இருக்கிறீங்கள் என்று கேட்டாள்.

நான் சொன்னேன், "ஆறு வயது. அண்டைக்கு நான் பட்டினி, அம்மா."

மூன்றுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உங்களுக்கு அவரைப் பிடிக்காதோ என்று பக்கத்திலே இருந்தவன் கேட்டான். அண்டையிலிருந்து பிடிக்காது என்றேன். தலைவி அதைத்தான் எழுதினாள் தம்பி. வேறொன்றையும் எழுதவில்லை. ஒரு மனுசனுக்காகப் பொய் சொல்ல வாறவன் இப்படிச் சொல்லமாட்டான் என்று பிறகு டெனிஸுக்குச் சொன்னாளாம். முறைப்பாடு தள்ளுபடி.

நான் கொம்பியூட்டரை மூடப்போனபோதுதான் அம்பலவாணரைப் பார்த்தேன். அந்தாள் கமராவை விட்டுத் தள்ளிப்போய் இருந்தார். கண்ணாடியைக் கழட்டிக் கையிலே வைத்திருந்தார்.

மறுநாள் துவாரகன் வந்து என்ரை கையைப் பிடித்து நன்றி சொன்னான். சொல்லிவிட்டு அப்பப்பாவோடை படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் வந்திருக்கினம் என்று ஓடிவிட்டான்.

அண்டைக்குப் பின்னேரம் கதவிலே தட்டு. திறந்தால் அம்பலவாணர். தனியே. இத்தினை வருசச் சம்பந்தம், அந்தாள் என்ரை வீட்டுக்குத் தனியே வந்ததில்லை. வந்து இருந்தார். நான் தேத்தண்ணி குடுத்தேன். குடிக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அத்தான்," என்றார். அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "என்ரை அப்புவை நீங்கள் கண்டனீங்களோ?"

"அடுத்த வளவெல்லோ. கண்டனான்."

"எனக்கு ஒரு படமும் இல்லை. மாமா அவரைப் பற்றிக் கதைக்கிறேல்லை. நான் பிறந்து வீடு நாசமாப் போச்சு எண்டுதான் எனக்குச் சொன்னவை." கோப்பையை ஒருதரம் திருப்பி வைத்தார். "உலக்கை எறிஞ்சது... அது பகிடியில்லையே?"

"இல்லை."

"எறிஞ்சாப்போலை அவர் என்ன செய்தவர்?"

அந்த இடத்திலே நான் எதையும் சொல்லியிருக்கலாம். அந்தாள் என்ரை வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். சரவணமுத்தர் வேலிக்கு மேலாலே தலையை நீட்டினவர். அம்மா அகப்பையோடை நின்று திட்டத் தொடங்க, "பெடியனடி தங்கச்சி, பெடியன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர். பானைக்கு ஒரு வார்த்தை இல்லை. அம்மாவும் திட்டுறதை விட்டிட்டுச் சிரித்துவிட்டாள். நான் ஒருவன்தான் அழுதது.

அம்பலவாணர் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொருதரம் சொல்லச் சொன்னார். தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டிவிட்டது.

அன்று அந்தாள் போன பிறகு நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டினி கிடந்த அன்று பின்னேரம் அம்மாவிடம் நான் கேட்டேன் தம்பி, எனக்கு ஆர் எறிந்தது என்று. நீ செரம்பானிலே ஆஸ்பத்திரியிலே பிறந்தனி, அங்கே ஆரடா உலக்கை வைத்திருந்தது, கொப்பர் வேலைக்குப் போய்ப் பின்னேரம்தான் வந்து பார்த்தவர் என்றாள். அதை ஏன் இப்போது சொல்லுறேன்? வாயிலே வந்தது, சொன்னேன்.

சரி, இதோடே முடிந்ததென்று நினைக்கிறீங்களோ? இல்லை. அந்தாள் சனிக்கிழமை சனிக்கிழமை வரத் தொடங்கிவிட்டார். அத்தான், அந்தக் கதை. அத்தான், அப்பு என்ன நிறச் சால்வை போட்டிருந்தவர்? நான் மஞ்சள் என்று சொன்னேன். அது எனக்கு ஞாபகமில்லை, ஆனால் கேட்கிற முகத்தைப் பார்த்தால் ஞாபகமில்லை என்று சொல்ல மனம் வருதோ? அடுத்த கிழமை பார்த்தால் மனுசன் மஞ்சள் சால்வையோடை வந்து நிற்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. போனமாதம் ஒரு கலியாண வீடு. நான் சாப்பாட்டு வரிசையிலே நிற்கிறேன், பின்னாலே பெரிய சிரிப்பு. திரும்பினால் அம்பலவாணர் நடுவிலே, சுற்றிவரச் சனம். வருசத்துக்கு ஒரு சொல்லு பேசுகிற மனுசன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுறார். என்ரை அப்பு எறிஞ்ச உலக்கை கூரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ரோட்டிலே போன மாட்டுவண்டியையும் தாண்டிப் போனது என்று. மாட்டுவண்டி எங்கே இருந்து வந்தது? நான் சொல்லவில்லை. அங்கே மாட்டுவண்டியே இல்லை. வாழ்நாள் முழுக்க நான் சொன்ன கதைகளை ஒருவரும் நம்பவில்லை, சிரித்தார்கள், அது சரி. உள்ளபடி சொன்னது ஒன்றே ஒன்று. அதையும் அந்தாள் கொண்டு போய்விட்டார். பேரனும் அவருக்கு, மேடையும் அவருக்கு, இப்போது கதையும் அவருக்கு. சனம் நம்பவும் செய்யுது தம்பி, அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு.

அந்தா, கேட்குதோ? முன்னுக்குச் சிரிக்கினம். சொல்லத் தொடங்கிவிட்டார். கையைப் பாருங்கோ, எவ்வளவு உயர்த்துறார். கொஞ்சம் பொறுங்கோ, எனக்கு ஒரு காது மந்தம், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ. உலக்கை இப்போது எவ்விடத்திலே போகுது?

கடலுக்கு மேலாலேயோ?

அடப்பாவி மனுசா. விடுங்கோ தம்பி, எழும்ப விடுங்கோ. அது எந்தப் பக்கத்துக் கடல் என்று அந்தாளுக்குத் தெரியாது. பிழையாகச் சொல்லப்போறார். நான் போய்ப் பக்கத்திலே இருக்கவேணும்.